நேற்று என்ன தின்றது?

அந்த டாக்டரம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மரியாதை, பாசம் எல்லாம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எரிச்சல்தான் முதலில் வருகிறது. அந்த எரிச்சலில் பாதி அந்த அம்மாள் மேல், மீதி என் மேல். எது பெரிய பாதி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எண்பதுகளின் பின்பாதி. நான் சுந்தரபாண்டியத்தில் பால் சொசைட்டி செயலாளர். அந்த அம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாட்டாஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தார். குடியிருந்தது ராஜபாளையத்தில். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் ஒரு ஜோல்னாப் பை, பையில் நீளமான ஒரு நோட்டு. பொம்பளை மாட்டு டாக்டரா என்று ஊரே முதலில் வேடிக்கை பார்த்தது. ஒரு மாதத்தில் வேடிக்கை தீர்ந்துபோய், எல்லோரும் அந்த ஒரே கேள்வியைக் கண்டு ஓட ஆரம்பித்தார்கள்.

“நேத்து என்ன தின்னுச்சு?”

எந்த மாடு வந்தாலும் இதுதான். கால் நொண்டுகிற மாடு வந்தாலும், கொம்பு முறிந்த மாடு வந்தாலும் முதலில் இதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டுதான் மறுவேலை. கான்சாபுரத்திலிருந்து ஒருவர் வயிறு உப்பிப்போன மாட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். மாடு மூச்சு விட முடியாமல் தவிக்கிறது. இந்த அம்மாள் ஒரு கையால் ரப்பர்க் குழாயை மாட்டின் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டே அவரிடம் விசாரணை நடத்துகிறார்.

“நேத்து என்ன தின்னுச்சு?”

“எப்பவும் திங்கறதத்தான் தின்னுச்சு.”

“எப்பவும் என்ன திங்கும்?”

“மாடு என்னம்மா திங்கும், பரோட்டாவா திங்கும்? வைக்கலத்தான் திங்கும்!”

“முந்தாநாள்?”

மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. வீட்டில் மகளுக்குக் கல்யாணம். மிஞ்சின சோற்றை வீணாக்க மனசில்லாமல் இரண்டு கூடை கொட்டியிருக்கிறார். டாக்டரம்மா அதோடு விட்டாரா? “கூடை எம்புட்டுப் பெருசு?” என்று கேட்டு, அவர் கையை விரித்துக் காட்ட, அதையும் எழுதிக்கொண்டார். மாடு பிழைத்தது. ஆனால் அந்த ஆள் அடுத்த தடவை வத்திராயிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போனாரே தவிர இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மனிதர்களையும் விடமாட்டார். பஸ்ஸில் கண்டக்டர் ஏப்பம் விட்டால்கூடத் திரும்பிப் பார்த்து, “காலைல என்ன சாப்ட்டீக?” என்பார். என் வீட்டுக்காரிக்கு ஒருநாள் நெஞ்சு கரித்தது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர் அவளை உட்காரவைத்து மூன்று நாள் சாப்பாட்டை ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டு, “எனக்கு மாட்டு வயிறுதான் தெரியும், மனுச டாக்டரப் போய்ப் பாருங்க” என்று எழுந்து போய்விட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை.

இத்தனை கேள்வியும் எதற்கு என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். சொசைட்டி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்.

“அண்ணாச்சி, வைக்கல மாடு திங்குதுன்னா நினைக்கீக? மாடு மெல்லத்தான் செய்யுது. திங்குறது உள்ள இருக்கிற கிருமிக. பெருவயித்துக்குள்ள கோடி கோடியாக் கெடக்கு. அதுக தின்னு விடுற மிச்சத்துலதான் மாடே பொழைக்குது.”

“சரி, இருந்துட்டுப் போகுது.”

“அதுல ஒவ்வொரு கிருமிக்கும் மேல ஒரு தோலு இருக்கு. அந்தத் தோல்ல புரதம் நீட்டிக்கிட்டு நிக்கும். அதுதான் அதுக்குக் கை. வைக்கலப் பிடிக்க ஒரு கை, மாவுத்தீனியப் பிடிக்க வேற கை. நாம தீனிய மாத்துனா அதுக கையும் மாறுதா? எனக்கு அது தெரியணும்.”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீக?”

“மழ இல்லாத வருசம் உங்ககிட்ட என்ன இருக்கும்? வைக்கல் மட்டுந்தான் இருக்கும். அதை நல்லா இறுக்கிப் பிடிக்கிற கை எதுன்னு தெரிஞ்சுட்டா, அதை எப்படி வளக்கலாம்னு பொறவு யோசிக்கலாம். வெறும் வைக்கல்லயே மாடு தாக்குப்பிடிச்சிரும்லா?”

அதற்கு முந்தின பஞ்சத்தில் தீனி போட வழியில்லாமல் இரண்டு கறவை மாடுகளை வந்த விலைக்குத் தள்ளியவன் நான். அவை தெருமுனை திரும்பும் வரைக்கும் கத்திக்கொண்டே போனது இன்னும் காதில் இருக்கிறது. ஆகையால் அந்த அம்மாள் ஆராய்ச்சிக்கு ஒரு மாடு வேண்டும் என்றதும், பால் வற்றி நின்ற என் செவலைப் பசுவை நானேதான் கொடுத்தேன். ஒருத்தரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஏற்பாடு இதுதான். மூன்று வாரம் செவலைக்கு வெறும் வைக்கோலும் தண்ணீரும். அதற்குப் பிறகு மூன்று வாரம் வைக்கோலோடு ஆட்டின பருத்திக்கொட்டை. வாரம் இரண்டு தடவை டாக்டரம்மா வந்து, மாட்டின் வாயில் கட்டையைக் கொடுத்து, குழாய் விட்டு, வயிற்றுத் தண்ணீரை உறிஞ்சி எடுப்பார். அந்த நாற்றம் ஊர் முழுக்க வீசும். அதைத் துணியில் வடிகட்டி, சின்னக் குப்பிகளில் ஊற்றி, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோவார். அங்கே ஒரு கல்லூரி லேப்பில் கிருமிகளைப் பிரித்து, அவற்றின் மேல்தோல் புரதங்களை ஜெல் என்கிற பசைப்பாளத்தில் ஓடவிடுவார்; ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாக விழும். உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்து வாங்குகிற டாக்டர் பட்டத்துக்குப் பதிந்து வைத்திருந்தார். அதற்கு ஒரு கெடு உண்டு.

முதல் தடவை கடைசி வாரம் வரைக்கும் வந்துவிட்டது. நானும் கூட மதுரைக்குப் போனேன். நடுவழியில் பஸ் நின்றுபோனது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. அடுத்த பஸ் கிடைத்து ஏறும் நேரத்தில் டப்பாவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது.

“இன்னும் சில்லுன்னுதானம்மா இருக்கு,” என்றேன் நான்.

“சில்லுன்னு இருந்தாப் பத்தாது அண்ணாச்சி.”

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு குப்பியாகத் திறந்து ரோட்டோரத்தில் கவிழ்த்தார். ஏம்மா, கொண்டுபோய்த்தான் பார்ப்போமே, யாருக்குத் தெரியப் போகிறது என்று சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த குப்பியைத் திறந்தார். ஒரு வாரத்து வேலைதானே போனது, முந்தின வாரத்துக் குப்பிகள் இருக்கின்றனவே என்றால், கடைசி இல்லாமல் முதலை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டார். திரும்பவும் முதலிலிருந்து.

இரண்டாவது தடவை எதிர்வீட்டு மாரியம்மாள் வந்து சேர்ந்தாள். எங்கள் தெருவில் யார் வீட்டு மாடாக இருந்தாலும், சோறு வடித்த கஞ்சியையும் கழனித்தண்ணியையும் கண்ணில் பட்ட குளுதாடியில் ஊற்றுவது வழக்கம். தண்ணித் தொட்டிதானே, எந்த மாடு குடித்தால் என்ன. செவலை எலும்பும் தோலுமாக நிற்பதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. தினம் ஊற்றியிருக்கிறாள். அவள் மட்டுமில்லை, பக்கத்தில் இன்னும் இரண்டு வீட்டிலும் ஊற்றியிருக்கிறார்கள். டாக்டரம்மா தொழுவுக்கு வந்து குளுதாடியைக் குனிந்து பார்த்தார், ஓரத்தில் ஒட்டியிருந்த ஒற்றைச் சோற்றுப் பருக்கையை விரலில் எடுத்தார்.

“எத்தனை நாளா ஊத்துதீக?”

“அதெல்லாம் யாரு கண்டா. வாயில்லா சீவனப் பட்டினி போட்டுக் கொல்லுதீகளே, உங்களுக்கே அடுக்குமா?” மாரியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றாள்.

“தப்புன்னு சொல்லலம்மா. எம்புட்டு ஊத்துனீக, என்னைக்கு ஊத்துனீக, அது தெரிஞ்சாப் போதும்.”

ஒருத்திக்கும் தெரியவில்லை. தெரியாத தீனியை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது என்று சொல்லி, அந்த நான்கு வாரத்தையும் நோட்டில் ஒரே கோடாகக் குறுக்கே அடித்துவிட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மாரியம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. தெருவே என்னை மாட்டைக் கொல்லுகிற பாவி என்று பேசுகிறது, வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இந்த அம்மாளுக்கு ஒரு கோடு அடித்தால் முடிந்தது. இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். மறுநாள் வந்தவர், “கெடு மாசிக்குள்ள முடியுது அண்ணாச்சி. இன்னும் ஒரே ஒரு தடவ செய்ய நேரம் இருக்கு. செய்வமா?” என்றார். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். சரி என்றுவிட்டேன்.

ஆனால் மூன்றாவது தடவை நடுவில் பொங்கல் வந்தது. அவரே பயந்தார். பொங்கல் முடிந்து ஆரம்பித்தால் நாள் போதாது. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “மாட்டுப் பொங்கலன்னைக்கு மட்டும் பாத்துக்கோங்க. கற்பூரம் காட்டுங்க, மாலை போடுங்க, என்ன வேணாலும் செய்யுங்க. வாயில மட்டும் ஒண்ணும் குடுத்துறாதீக.” அதற்குள் ஐந்து தடவை எடுத்தாகிவிட்டது. ஐந்தும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கிறது என்று அவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு நிறுத்தினோம். கற்பூரம் காட்டினோம். தெரு முழுக்கப் பொங்கலோ பொங்கல் என்று சத்தம். எல்லா வீட்டு மாட்டுக்கும் இலையில் வைத்து ஊட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் பொங்கல் பானை அப்படியே இருக்கிறது. மாடு சாப்பிடாமல் அன்றைக்கு எந்த வீட்டிலும் வாய் நனைக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. பானைப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். செவலை பக்கத்து மாட்டு இலையைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

நான்தான் ஊட்டினேன். வீட்டுக்காரி மேலோ தெரு மேலோ பழி போட எனக்கு வழியே கிடையாது. இரண்டு வாழை இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல். என் கையால் உருட்டி உருட்டிக் கொடுத்தேன், அது என் புறங்கையை எல்லாம் நக்கியது. அம்புட்டுப் பெரிய மாட்டு வயிற்றுக்கு இது எந்த மூலைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் செவலை அசை போடாமல் படுத்துக் கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் டாக்டரம்மா வந்துவிட்டார். குழாயை எடுக்கும் முன்னால் சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

“இளக்கமா இருக்கே. நேத்து என்ன தின்னுச்சு?”

சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். குப்பிகளைக் கவிழ்ப்பார், நோட்டில் கோடு அடிப்பார். நாலாவது தடவைக்கு நாள் கிடையாது. இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் என் இரண்டு இலைப் பொங்கலால் போய்விடும். அந்த அம்மாளைக் காப்பாற்றுவதாகத்தான் அப்போது நினைத்தேன்.

“வைக்கல்தான்.”

“பொங்கல் ஒண்ணும்?”

“கற்பூரம் காட்டினதோட சரி. நான் இருக்கும்போது யாரு குடுப்பா?”

தெருவே பார்த்திருந்தது. மாரியம்மாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா ‘வைக்கோல்’ என்று எழுதிக்கொண்டு, குழாயை இறக்கினார்.

மூன்று நாள் கழித்து மதுரையிலிருந்து திரும்பியவர் நேரே சொசைட்டிக்கு வந்தார். ஒரு போட்டோவை மேசைமேல் வைத்தார். எடுத்த தடவைக்கு ஒரு வரிசையாக, கறுப்புக் கோடுகள் ஆறு வரிசை இருந்தன. ஐந்து வரிசை ஒன்றுபோல. ஆறாவதில் இரண்டு கோடு மங்கி, வேறு இடத்தில் தடிமனாகப் புதுக் கோடு ஒன்று வந்திருந்தது. படிக்காத என் கண்ணுக்கே அது தெரிந்தது.

“தீனி மாறல, ஆனா இது மாறியிருக்கு,” என்றார். “ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன். அப்படித்தான் வருது. கோளாறு என் கையிலதான். கிருமியப் பிரிச்சுக் கழுவுறதுல எங்கயோ தப்புப் பண்ணுதேன். தீனி மாறாமலே இப்படி மாறிக் காட்டுதுன்னா, நாளைக்குப் பருத்திக்கொட்டை போட்டு மாறுனா மட்டும் அத எப்படி நம்புறது?”

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பொய்யன் என்று பேரெடுக்க வேண்டுமே என்ற பயம் ஒருபக்கம். சொன்னால் மட்டும் என்ன, எல்லாவற்றையும் கொட்டத்தானே போகிறார் என்ற நினைப்பு இன்னொருபக்கம். காபி வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

அதோடு ஆராய்ச்சியை விட்டுவிட்டார். கெடு முடிந்து, பதிவும் போயிற்று. செவலைக்குப் பருத்திக்கொட்டை போடச் சொல்லிவிட்டு, பழையபடி ஊசியும் மருந்துமாக இருந்தார். என்னால் தாங்க முடியாத ஒன்று அதற்குப் பிறகுதான் நடந்தது. மாடு கொண்டுவருகிறவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். கேள்வியைக் கண்டு ஓடின சனங்களே, “டாக்டரம்மா இப்பத்தான் மத்த டாக்டர் மாதிரி இருக்காவ,” என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அவர்கள் வாயில் நாலு அறை விடலாம் போல இருந்தது. அதற்கும் முன்னால் என்னை அல்லவா அறைய வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து வட மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று ராஜபாளையத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் சின்ன லாரி நிற்கிறது, கட்டிலும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இனிமேல் இந்த அம்மாளைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன். செவலைக்கு அன்றைக்கு நான் பொங்கல் ஊட்டினேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்று.

கட்டி வைத்திருந்த புத்தகப் பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார். வையப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“எம்புட்டு?”

“ரெண்டு இலை.”

“எத்தன மணிக்கு?”

“எட்டு, எட்டேகால் இருக்கும்.”

“அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ வேற ஏதும்?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல. அன்னைக்கு ஒருக்காத்தான்.”

விரலை மடக்கி மடக்கி எதையோ கணக்குப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய களை வந்தது. அதைப் பார்த்து, போனால் போகிறது என்று மன்னித்துவிட்டார் போல என்றுகூட நினைத்துவிட்டேன்.

“அப்ப அந்த ஆறாவது சாம்பிள் தப்பில்ல,” என்றார். “தீனி மாறி ஒரே நாள்ல கை மாறியிருக்கு. அளவும் தெரியுது, நேரமும் தெரியுது. நான் தேடுனதே அதுதான் அண்ணாச்சி.”

“சொன்னாக் கீழ கொட்டிருவீகன்னு...”

“கொட்டிருக்க மாட்டேன். இது யாரு ஊத்துனா, எம்புட்டு ஊத்துனான்னு தெரியாத கஞ்சித்தண்ணி இல்லலா.”

அந்தக் குப்பிகள் இருக்கிறதா, இப்போதாவது ஏதாவது செய்ய முடியுமா, வேண்டுமானால் நானே மதுரைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன். எல்லாவற்றையும் கழுவிப் போட்டாயிற்று என்றார். லாரிக்காரர் வந்து பெட்டியைத் தூக்க வேண்டும் என்றார். டாக்டரம்மா எழுந்து வழிவிட்டார்.

“மாறியிருக்குன்னு என் கண்ணு சொல்லுச்சு,” என்றார். “வைக்கல்தான்னு நீங்க சொன்னீக. நான் என் கண்ண நம்பல அண்ணாச்சி, உங்களத்தான் நம்புனேன்.”